ஏழாவது இன்னிங்ஸில் எழுந்துகொள்பவர்

மெர்வின் ஸ்டூபர் தன் மனைவியை மில்வாக்கி பேஸ்பால் மைதானத்திலேயே விட்டுவிட்டுத் தனியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று கார்ல்டன் ஊர் முழுக்கப் பேச்சு. திங்கட்கிழமை காலை முடிவெட்டும் கடையில் கிளம்பிய இந்தச் செய்தி, மதியம் மெதடிஸ்ட் சர்ச்சின் காபிக் கூட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் கை கால் முளைத்து வளர்ந்துவிட்டது. லவோன் ஸ்டூபர், ஆட்டத்தின் நடுவே கூட்டத்தைச் சிரிக்கவைக்க சாசேஜ் வேஷம் போட்டு ஓடுகிற ஆளோடு போய்விட்டாராம்.

விசாரித்துப் பார்த்தால் இரண்டும் பொய். லவோன் தன் வீட்டுச் சமையலறையில்தான் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார். சோளம் அவருக்கு என்ன துரோகம் செய்ததோ, அப்படி உரித்தார்.

மெர்வின் முப்பத்து நான்கு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஊரில் இருப்பது ஒரே ஒரு சிக்னல். அப்படிப்பட்ட ஊர்க்காரருக்குப் போக்குவரத்து நெரிசல் என்றால் ஏன் இத்தனை கிலி என்று யாருக்கும் விளங்கியதில்லை. சர்ச்சில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். அடுத்தவர் கல்யாணத்தில் கேக் வெட்டுவதற்கு முன்னால். தன் சொந்தக் கல்யாணத்திலேயே, கேக்கில் கத்தி இறங்கிய கையோடு மணப்பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டார். வாசலில் அன்று நின்ற கார்கள் மொத்தம் பதினொன்று.

லவோன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சமைத்தவர். மணி அடித்தால் தட்டு, மணி அடித்தால் துடைப்பம் என்று காலம் போனது. பேஸ்பால் அவருக்குப் பிடித்ததே அதற்கு மணி கிடையாது என்பதால்தான். கடைசி ஆள் அவுட் ஆகும் வரை எதுவும் முடிந்துபோவதில்லை. அந்த முடிவைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஓய்வு பெற்றதும், நாட்டிலுள்ள முப்பது பெரிய மைதானங்களையும் வேனிலேயே போய்ப் பார்ப்பது என்று இருவரும் கிளம்பினார்கள். பதினோரு கோடையில் இருபத்தாறு மைதானம். ஒன்றில்கூட லவோன் கடைசிப் பந்தைப் பார்த்ததில்லை.

காரணம் எளிது. பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஏழாவதின் நடுவில் மைதானமே எழுந்து நின்று, கை கால் நீட்டிப் பாட்டுப் பாடும். மெர்வினும் எழுவார். பாட்டு முடிந்து நாற்பதாயிரம் பேர் உட்காருவார்கள். மெர்வின் உட்கார மாட்டார். வாசலைப் பார்த்து மூக்கை நீட்டியபடி அவர் நிறுத்திவைத்திருக்கும் வேன் காத்திருக்கும். மீதி ஆட்டம் நெடுஞ்சாலையில், வானொலியில்.

மில்வாக்கி இருபத்தேழாவது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பாட்டு முடிந்தது.

"கிளம்பலாம், கண்ணு. இப்பப் போனா நெரிசல் இல்லாம போயிடலாம்."

"அஞ்சுக்கு அஞ்சு, மெர்வ். சமமா நிக்குது."

"ரேடியோல கேட்டுக்கலாம்."

"இருபத்தாறு ஊரு ரேடியோல கேட்டாச்சு. அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே. நாலு மணி நேரம் நீ சூரியகாந்தி விதைத் தோல் துப்புற சத்தமாவது மிச்சமாயிருக்கும்."

"வாசல்ல மாட்டிக்குவோம்னு சொல்றேன்."

"நீ மாட்டிக்காத. போ. நான் மாட்டிக்கிறேன்."

"சார், உக்காருங்க, இல்ல நகருங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மெர்வின் நகர்ந்தார். லவோன் நகரவில்லை. அவர் பார்த்த முதல் எட்டாவது இன்னிங்ஸ் அது. ஒன்பதாவது வந்தபோது பக்கத்து இருக்கைக்காரர், "என்னம்மா, முதல் ஆட்டமா?" என்று கேட்டுவிட்டார். முகம் அப்படி மலர்ந்திருந்ததாம்.

ஒன்பதிலும் தீராமல் பத்தாவது இன்னிங்ஸ். இன்னும் சமம்தான். மில்வாக்கி அணி மட்டை பிடிக்கிறது. மூன்று தளத்திலும் ஆள், ஒருவர் ஓடி வந்து சேர்ந்தால் வெற்றி. இரண்டு பேர் அவுட். அடுத்த பந்தில் எதுவும் நடக்கலாம். லவோன் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார். அப்போது தோளில் ஒரு கை. இருக்கை காட்டும் பெண்மணி, பெர்னிஸ் என்று சட்டையில் பெயர்.

"நீங்க மிசஸ் ஸ்டூபர்தானே? உங்க வீட்டுக்காரர் வாசல்ல நிக்கிறாரு. மூஞ்சி செவந்து கெடக்கு. மாத்திரை உங்க பையில இருக்காமே?"

லவோன் ஓடினார். அறுபத்தாறு வயசு முட்டியோடு, படிக்கட்டில், கான்கிரீட் சுரங்கத்துக்குள். பாதி வழியில் பின்னால் ஒரு பெரும் சத்தம். அது குதூகலமா, வயிற்றெரிச்சலா என்று அந்தச் சுவருக்குள் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்தது ஒரு குப்பைத் தொட்டி.

மெர்வின் கம்பிக்கு வெளியே நின்றிருந்தார். வெளியே போனவரை மறுபடி உள்ளே விடுவதில்லை.

"நெஞ்சு வலிக்குதா? இந்தா, முழுங்கு!"

"அது ராத்திரி மாத்திரைடி. இப்ப வேணாம். ரேடியோ கேட்டுக்கிட்டே இருந்தேனா, வேன் பேட்டரி செத்துப்போச்சு. என் போனும், ரிப்பேருக்கு உதவி வண்டியக் கூப்பிடுற கார்டும் உன் பையில இருக்கு."

"பேட்டரிக்கா மாத்திரைன்னு சொன்ன?"

"மாத்திரைன்னாதான் உன்னைக் கூப்பிடுவாங்கன்னு தோணிச்சு."

"ஏப்ரல்லயே சொன்னேன், பேட்டரிய மாத்துன்னு."

மெர்வின் சற்று யோசித்தார். பிறகு, இந்த உலகத்தில் வேறு எந்தக் கணவனுக்கும் வராத தைரியத்தோடு கேட்டார்: "ஆமா, யாரு ஜெயிச்சா?"

லவோன் வேனில் ஏறி மழைக்கோட்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டார். வெளியே வரும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடுமே, அதனால். கண்ணால் பார்க்க வேண்டியதை முகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு மனமில்லை. உதவி வண்டி அந்த நெரிசலிலேயே சிக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. வந்தவன், "அடேயப்பா, என்ன ஆட்டம், அந்தக் கடைசி..." என்று ஆரம்பிக்க, கோட்டுக்குள்ளிருந்து, "வாய மூடிக்கிட்டு வேலையப் பாருப்பா" என்று குரல் வந்தது. அன்று அந்த மைதானத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய வண்டி ஸ்டூபர் தம்பதியுடையதுதான். வானொலி போடாமல் வீடு வரை.

முடிவெட்டும் கடையில் எல்லோருக்கும் முடிவு தெரியும். மெர்வினுக்கும் இப்போது தெரியும். லவோனிடம் சொல்ல மட்டும் ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மில்வாக்கி டிக்கெட் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில் இருக்கிறது. அதன்மேல் லவோனின் கையெழுத்தில்: "ஒரு பந்து பாக்கி."

பால் எடுக்கப் போகும்போதெல்லாம் மெர்வின் கண்ணில் அது படுகிறது.

"ஆகஸ்ட்ல பிட்ஸ்பர்க் போறோம்ல, அந்த ஒரு பந்த அங்க குடுத்துடறேன்."

"அங்க வேன எங்க நிறுத்தப் போற? வாசலப் பாத்தா?"

மெர்வின் பாலை ஊற்றுகிறார். டம்ளர் நிரம்பி வழிகிறது.