அப்பா ஏற வேண்டிய பஸ்

அப்பா கட்டிலில் படுத்தபடி காலை இருபது தரம் தூக்கிக் காட்டினார். பிசியோதெரபி மிஸ் அசரவில்லை. "ஐயா, இந்தக் காலை வைச்சு என்ன செய்ய ஆசை?"

"தனியா பஸ் ஏறி கொட்டாஞ்சேனைக்குப் போய் முடி வெட்ட வேணும்."

முழங்கால் ஒபரேஷனுக்குப் பிறகு நான்கு மாதமாக அவர் முடி வெட்டவில்லை. அவருடைய பழைய சலூன் கொட்டாஞ்சேனையில்; நாங்கள் இருக்கும் வெள்ளவத்தைச் சலூன்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"அப்ப பஸ் ஏறவே பழகுங்கோ" என்றார் மிஸ்.

எனக்கு உடனே யோசனை வந்துவிட்டது. மறுநாளே எங்கள் ஃபிளாட் படிக்கட்டு பஸ்ஸானது, நான் கண்டக்டரானேன். "நகின்ன, நகின்ன!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கத்தினேன்.

"மரியாதையாக் கூப்பிடு. நான் பென்ஷன்காரன்."

"எந்தக் கண்டக்டர் அப்பா மரியாதையாக் கூப்பிடுறான்?"

கோபத்தில் கம்பியைப் பிடிக்க மறந்தே மூன்று படி ஏறிவிட்டார். அம்மா கதவைத் திறந்து, அப்பாவின் வளர்ந்த முடியைப் பார்த்து, "சாமியாரை எங்கை ஏத்துறாய்?" என்றார்.

மூன்று வாரமாக ஏறி இறங்குகிறார். ஆனால் எங்கள் படிக்கட்டு ஒருநாளும் ஆள் பாதி ஏறும்போதே ஓடத் தொடங்கியதில்லை.

ஞாயிறு காலை உண்மையான பஸ். "நீயும் ஏறினியெண்டால் நான் இறங்கிடுவன்" என்கிறார். நான் பஸ் நிற்கும் ஹோல்ட்டில் நின்று கத்த மட்டும் போகிறேன்.