கண்ணாடிக்காரரின் கடைசி விசில்

முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கண்ணாடி'. கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அது. வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஏழாவது நாள் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நடுவர். இப்படி ஒரு ஆள் விசிலோடு வந்தால் கூட்டம் சும்மா விடுமா? "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்களே, உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா சார்?" இருபத்திரண்டு வருஷமாக இதே கேலி. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் மேசைக்காரன். ஆடுகளத்தின் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல் என்று தாளில் குறிப்பவன். அவர் விசில் ஊதி விரலால் நம்பர் காட்டுவார். நான் எழுதி முடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். நான் விரல் தூக்கினால்தான் ஆட்டம் மறுபடி தொடங்கும். ஆனால் ஏதாவது தப்பு நடந்தால் ஜனங்கள் நடுவரைத்தான் திட்டுவார்கள், மேசையை எவனும் திட்ட மாட்டான். அந்தச் சௌகரியத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அடித்தவன் வேண்டுமென்று அடித்தானா, தெரியாமல் பட்டதா என்று தன்னால் சொல்ல முடியும் என்பார். "கையைப் பாத்தா போதாது அண்ணே. தோளைப் பாக்கணும். வேணும்னு அடிக்கிறவனுக்கு தோள் முன்னாடியே இறங்கிடும்." பழைய விதிப்புத்தகத்தில் அதற்கு இடமும் இருந்தது. 'வேண்டுமென்றே செய்த ஃபவுல்' என்று தனியாக ஒரு பிரிவு. பிறகு அந்த வார்த்தையையே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த வருஷம் நடுவர்களுக்கும் மேசைக்காரர்களுக்கும் வகுப்பு நடத்தினார் கூடைப்பந்துச் சங்கச் செயலாளர். "மனசைப் படிக்க நீங்க என்ன ஜோசியரா? கை எங்க போச்சு, பந்து எங்க இருந்துச்சு, எவ்வளவு வேகமா பட்டுச்சு. இவ்வளவுதான் உங்க வேலை" என்றார்.

நம் ஆள் எழுந்தார். "சார், தோக்குற டீம் கடைசி நிமிஷத்துல கடிகாரத்தை நிறுத்தறதுக்குன்னே ஃபவுல் பண்ணுது. வேணும்னு பண்றாங்கன்னு வாசல்ல கடலை விக்கிறவருக்கே தெரியும். பந்துக்குக் கை நீட்டுற மாதிரி நடிச்சிட்டா அது சாதா ஃபவுல். பாவம், தெரியாம ஒருத்தி கை ஓங்கிப் பட்டுட்டா அவளை வெளிய அனுப்பணும். இதுல நியாயம் எங்க இருக்கு?"

"நியாயம் வேணும்னா வக்கீலைப் பாருங்க. இங்க விதி மட்டும்தான்."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவருக்கு என்ன வாய்முகூர்த்தமோ, அவர் சொன்ன மாதிரியே ஒருநாள் நடந்தது.

பெண்கள் பிரிவு இறுதி ஆட்டம். ஒரு அணிக்குத் தலைவி பன்னிரண்டாம் நம்பர். இடதுகைக்காரி. விசில் ஊதினால் முறைக்க மாட்டாள். பந்தை எடுத்து வந்து நடுவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டு அவளுடையது. ஆடுகிறவரை படிப்பும் விடுதியும். ஆட முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடைசி வருஷம் மட்டும் பாக்கி இருந்தது.

நாற்பத்தொரு விநாடி மிச்சம் இருக்கையில் டைம் அவுட். பன்னிரண்டின் அணி ஒரு புள்ளி பின்னால். அதற்குச் சற்று முன்தான் ஒருத்தி வியர்வையோடு விழுந்து உருண்டிருந்தாள். வளையத்துக்குப் பக்கத்தில் தரை பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. தரை துடைக்கிற அம்மா துடைப்பானோடு எழுந்து நின்று நடுவரைப் பார்த்தார். நடுவர் தரையைப் பார்த்தார். பரிசு கொடுக்க வந்த விருந்தாளி மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் பின்னாலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையை ஆட்டினார். நடுவர் அந்த அம்மாவை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு என் மேசைப் பக்கம் திரும்பினார்.

நான் ஈரத்தைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார், அவர் பாடு என்று கட்டைவிரலைத் தூக்கினேன்.

எதிரணிப் பெண் பந்தோடு வளையத்தை நோக்கி ஓடினாள். பன்னிரண்டு பக்கவாட்டிலிருந்து துரத்தினாள். அந்த ஈரத்தில் கால் வைத்ததும் வழுக்கியது. விழாமல் இருக்கக் கையை வீசினாள். அந்தக் கை பின்னாலிருந்து எதிரணிப் பெண்ணின் கழுத்தில் விழ, அவள் முகம் குப்புறத் தரையில் மோதினாள். இரண்டு முன்பற்கள் போய்விட்டன.

அவர் விசில் ஊதினார். பின்னாலிருந்து, கழுத்தில், பந்து எங்கோ, கை எங்கோ. விதிப்படி தகுதி நீக்கம். இரண்டு முஷ்டியையும் தூக்கிக் காட்டினார். நான் தாளில் பன்னிரண்டுக்கு நேரே குறித்தேன்.

அவள் சண்டை போடவில்லை. "சார், வழுக்கிடுச்சு சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் ஆடுகளத்தின் வாசலைக் கை காட்டினார். அவள் போகிற வழியில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் குனிந்து என்னவோ சொல்லப் போனாள். பயிற்சியாளர்கள் தள்ளிவிட்டார்கள்.

தகுதி நீக்கம் என்றால் நடுவர் அன்றைக்கே அறிக்கை கொடுக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து எழுதினார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் படிவத்தில் 'செயல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'நோக்கம்' என்ற கட்டம் முன்பு இருந்தது, இப்போது இல்லை. நாலு வரி எழுதினார். ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அந்தப் பொண்ணு வேணும்னு பண்ணலைண்ணே. தோள் இறங்கவே இல்ல."

"அது உங்க வேலை இல்லன்னு வகுப்புலயே சொன்னாங்கல்ல? கையெழுத்தைப் போடுங்க, பஸ் போயிடும்" என்றேன். நான்தான் சொன்னேன்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டுக்கு ஒரு வருஷத் தடை. கல்லூரி, சீட்டை ரத்து செய்வதாகக் கடிதம் அனுப்பியது.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "என்னண்ணே ஆச்சு இவருக்கு? மேட்ச் முடிஞ்சா விசிலை வெந்நீர்ல கழுவித் தரச் சொல்வாரு. இப்ப அதைத் தொடவே விடமாட்டேங்கிறாரு" என்றார்.

மூன்றாம் வாரம் அவர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தரை ஈரமாக இருந்தது, தான் பார்த்தும் துடைக்கவிடவில்லை, அந்தப் பெண் வழுக்கித்தான் கையை வீசினாள், தவறு தன்னுடையது. என்னிடம் படித்துக் காட்டினார். "விபத்துன்னு நிரூபணமானா ஒரு மேட்ச் தடையோட போயிடும்னு விதியில இருக்குண்ணே. சீட்டு தப்பிச்சிடும். என்னை என்ன வேணாலும் பண்ணட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாரே! ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. ஈரம் இருந்தது என்றால், விரலைத் தூக்கியது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செயலாளர். வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். மேலிருந்து எடுத்தது, தரை முழுக்கவே விளக்கு வெளிச்சத்தில் மின்னியதில் ஈரம் தனியாகத் தெரியவில்லை. தரை துடைக்கிற அம்மா ஒப்பந்த ஆள். ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார், தேடவும் இல்லை. மிச்சம் நான் ஒருவன்தான்.

"கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிக்கணும்ல?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார் செயலாளர். "ஒரு நடுவர் தானே எழுதின அறிக்கையை மாத்துறாரு. அவர் பேச்சை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க சொல்லுங்க. தரை ஈரமா இருந்துச்சா?"

சுவரோரம் பன்னிரண்டு நின்றுகொண்டிருந்தாள், அவள் அப்பாவோடு. பெரிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டியிருந்தாள். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தாளைப் பார்த்து எழுதிக்கிட்டிருந்தேன் சார். அவ்வளவு தூரம் எனக்குச் சரியாத் தெரியல" என்றேன்.

அவ்வளவுதான், முடிந்தது. விபத்து என்று நிரூபணமாகவில்லை, தடை நிற்கும். அறிக்கையை மாற்றிச் சங்கத்தின் பெயரைக் கெடுத்ததற்காக நடுவரின் சான்றிதழ் ரத்து. வெளியே வந்து அந்த அப்பா எல்லாரையும் கும்பிட்டார். என்னையும்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டு மாசம் ஆகிவிட்டது, என் புளுகு கல்லுக்குண்டாக இருந்தது. நான் வாராவாரம் மேசைக்குப் போனேன். வேறு நடுவர்கள் வந்தார்கள், விரல் தூக்கினேன். கிட்டத்தில் இருக்கிற எழுத்துதான் மங்கத் தொடங்கியது. பன்னிரண்டை எழுதினால் பதினேழு மாதிரி தெரிந்தது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். போனால் ஏன் வரவில்லை என்று நினைப்பாரே என்று அவர் கடைக்கே போனேன்.

நல்லபடியாகத்தான் வரவேற்றார். கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னார். தலை நரைத்திருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தபோது பார்த்தேன், கண்ணாடி ஆணிகளுக்கும் மூக்குப் பட்டைகளுக்கும் நடுவில் அந்த விசில் கிடந்தது.

"அந்தப் பொண்ணு வந்திருந்துச்சுண்ணே, போன மாசம்" என்றார், லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற சோதனைச் சட்டத்தை என் முகத்தில் மாட்டிக்கொண்டே. "அப்பாவுக்குக் கண்ணாடி வாங்க. துணிக்கடையில நிக்குதாம். காலைல பத்து மணியிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கணும். படிப்பு போயிடுச்சு."

"திரும்பச் சேர முடியாதா?"

"எங்கண்ணே? அந்த சீட்டுக்கு வேற பொண்ணு வந்தாச்சு."

கடையின் பின்னறைக்குக் கூட்டிப்போனார். நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஒரு கோடியில் நாற்காலி. மறுகோடியில் விளக்கு எரிகிற எழுத்துப் பலகை. இருபது அடி, அவரே டேப் வைத்து அளந்து மாட்டியது.

"கிட்டத்துலதான் தெரியல. தூரம் எதுக்கு?" என்றேன்.

"முதல்ல தூரம் பாத்துட்டுத்தான் கிட்டப் பாக்கணும். ஒரு கண்ணை மூடிட்டுப் படிங்க."

படித்தேன். பெரிய எழுத்து, அடுத்த வரி, அதற்கடுத்தது. பொய் சொல்லவும் ஒரு புத்தி வேண்டும். எனக்கு எங்கே? கண் நன்றாக இருக்கிறது என்ற அசட்டுப் பெருமையில், ஈ தலை அளவு இருந்த கடைசி வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் கடகடவென்று ஒப்பித்தேன். ஒப்பித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. இன்னொரு கண்ணை மூடச் சொன்னார். அதிலும் கடைசி வரி. இந்தத் தடவை நான் நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் தோளைப் பார்த்தே ஆளைப் படித்தவர் அவர்.

சட்டத்தை மெதுவாக என் முகத்திலிருந்து கழற்றினார். துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சுண்ணே, 'மேசைல இருந்த சார் பாக்கவே இல்லையா'ன்னு."

நான் எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

"அவருக்குத் தூரத்துல கண் தெரியாதும்மா, பாவம், அவரைத் தப்பா நினைக்காதேன்னு சொல்லி அனுப்பினேன்" என்றார். பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.