எங்கள் காலனியில் திரும்பாத பஸ்

என் மகளின் அகராதியில் காலனி என்றால் பலர் சேர்ந்து குடியிருக்கும் இடம் என்று போட்டிருக்கிறது. சேர்ந்து குடியிருப்பதில் என்ன கேவலம், எங்கள் தெருப் பிள்ளைகளே? எங்கள் கம்பெனி மேனேஜர்கள் இருப்பதும் ஸ்டாஃப் காலனிதான். அதைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. நான் காலனி என்றால் மட்டும், கேட்டவர் என் சாதியைத் தெரிந்துகொண்டு முகத்தை மாற்றிக்கொள்கிறார்.

போன ஆயுத பூஜைக்கு, தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு மகளை அழைத்துப் போனேன். மெஷினுக்குப் பொட்டு வைத்தாள், பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் அவளோடு படிக்கும் பெண் தன் அப்பாவோடு இருந்தாள். பஸ் முதலில் ஸ்டாஃப் காலனிக்குள் நுழைந்து, வாசல் வாசலாக ஆட்களை இறக்கிவிட்டு வந்தது. மெயின் ரோட்டில் எங்கள் ஊர் ஸ்டாப் நெருங்கியது. ஊர் அங்கே. காலனிக்கு அதைத் தாண்டி உள்ளே நடக்க வேண்டும்.

மகள் என் சட்டையை இழுத்தாள்.

"நைனா, காலனின்னு சொல்லாத. ஊர் ஸ்டாப்புலயே எறங்கிக்கலாம்."

"ஏம்மா?"

"அவளுக்குத் தெரியாது நைனா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. நாலாவது படிக்கும் பிள்ளைக்கு, இருக்கிற வீட்டை ஒளிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? எழுந்து நின்றேன்.

"டிரைவரண்ணா, வண்டிய காலனிக்குள்ள உடு."

"இன்னாபா புச்சா கேக்குற? அங்கல்லாம் வண்டி திரும்பாது."

"ஸ்டாஃப் காலனில திரும்பின வண்டிதான இது? எங்க தெரு அதவிட அகலம்ணா."

"நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாத."

"நானா பண்றேன்? நைட் ஷிப்டு முடிச்சி மழையில நனைஞ்சிகினே நடக்கிறமே, அதுக்கு இன்னா பேரு?"

பின் சீட்டில் எங்கள் தெருக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "பொரி துன்ன இல்ல, தெம்பா திருப்புணா!"

பஸ் சிரித்தது. டிரைவர் முனகிக்கொண்டே திருப்பினார். காலனிக்குள் இருக்கும் சர்ச் முனையில் அது ஒரே மூச்சில் வளைந்தது.

நாங்கள் இறங்கியதும் அந்தப் பெண் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏய், உங்க ஊடு எதுடி?"

மகள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஆடு கட்டிக்கீதே, அந்தப் பச்ச கேட்டு."

அரசாங்கப் பதிவுகளிலிருந்து காலனி என்ற சொல்லை எடுக்கிறார்களாம். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் லீவு முடிந்த அன்று காலை பஸ் பழையபடி மெயின் ரோட்டில்தான் வந்து நின்றது. எங்கள் தெரு ஆட்கள் எல்லோரும் சர்ச் முனையில் நின்றிருந்தோம். டிரைவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார்.

நாங்கள் யாரும் நகரவில்லை.