நான் லண்டனில் மாட்டிக்கொண்ட வாரம்

இணையத்தில் நடக்கும் ஏமாற்று வேலை எல்லாவற்றுக்கும் ஃபிஷிங் என்று பெயர் என மேற்குத் தாம்பரத்தில் ஒரு நம்பிக்கை நிலவிவந்தது. இது பிழை. சாதாரணப் பிழையல்ல, எல்லாக் காய்ச்சலையும் மலேரியா என்று சொல்வதற்கு ஒப்பான பிழை. இதைத் திருத்துவதில் என் வாழ்நாளில் ஆறு ஆண்டுகள் போயின. பிரௌசிங் சென்டர் நடத்துவது என்றால், மணிக்கு இருபது ரூபாய்க்குக் கம்ப்யூட்டரும் இலவசமாக அறிவுரையும் கொடுப்பது. காசு கொடுத்து வாங்கியதை மட்டும்தான் ஜனங்கள் மதிப்பார்கள் என்பது, கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2000-களின் பிற்பகுதி அது. முடிச்சூர் சாலையில் ஆறு கம்ப்யூட்டர்களோடு என் சென்டர். சுவரில் என் கையாலேயே ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தேன். பரிசு விழுந்தது என்று சொல்லி முன்பணம் கேட்டால் லாட்டரி மோசடி. வேலை தருகிறேன் என்று சொல்லிக் கட்டணம் கேட்டால் வேலை மோசடி. உங்கள் வங்கியின் பக்கத்தையோ மெயில் கம்பெனியின் பக்கத்தையோ அச்சு அசலாக வரைந்து வைத்து, அதில் உங்கள் பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே அடிக்க வைத்தால், அது மட்டுமே ஃபிஷிங். கடைசி வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு: ‘மேலே உள்ள முகவரியைப் படித்த பிறகே பாஸ்வேர்டை அடிக்கவும்.’ பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரி சார், மணிக்கு எவ்ளோன்னு எங்கயும் போடலையே.”

தானாக ஏறிய விலை

கோதண்டம் அண்ணா முடிச்சூர்க்காரர். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர். அவருக்கென்று மெயில் கிடையாது. மெயில் இல்லாதவர்களுக்கு சென்டரின் முகவரியையே எழுதிக் கொடுப்பது எங்கள் தொழிலின் வழக்கம். பேட்டையில் பாதிப் பேருடைய ஹால் டிக்கெட்டும் ஜாதகமும் என் பெட்டிக்குத்தான் வந்து விழும்.

ஒரு நாள், ஏதோ வெளிநாட்டு லாட்டரியில் பல லட்சம் பவுண்டு விழுந்திருப்பதாக அந்தப் பெட்டிக்கு மெயில் வந்தது. பாடம் நடத்த வசதியாக இருக்கிறதே என்று அண்ணாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் உடனே பதில் போடச் சொன்னார். “டிக்கெட் வாங்கினீங்களா?” என்று மடக்கினேன். அவர் சிறிதும் அசரவில்லை. “வாங்கல. எங்க நிலத்துக்குக்கூட நான் வெலையே சொல்லல சார். அதுவா ஏறிச்சு, எவனோ வந்து காசக் கொடுத்துட்டுப் போனான். அத யாராச்சும் மோசடின்னாங்களா?”

பதினொரு பேர்

திருநீர்மலைப் பெருமாள் படத்தோடு ஒரு மெயில். பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல். இது மோசடி வகையில் சேராது, வெறும் தொந்தரவு என்று கோதண்டம் அண்ணாவுக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டே, அவர் வற்புறுத்தலுக்காக, பதினொரு பெயர்களைத் தேட ஆரம்பித்தேன். என் முகவரிப் பட்டியலில் அவருடைய மகன் முதல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வரை முன்னூறு பேர் இருந்தார்கள். அண்ணா எட்டிப் பார்த்தார். “அல்லாருக்கும் அனுப்பு சார். பெருமாள் விஷயத்துல போயி ஏன் கஞ்சத்தனம்?”

சந்தோஷமாகச் சொன்ன குற்றம்

மார்க்கெட் வாசலில் வாழை இலை விற்பவர் வசந்தா அக்கா. விடிவதற்குள் கோயம்பேடு மண்டிக்குப் போய் இலைக்கட்டு எடுத்து வந்து, மதியத்துக்குள் விற்றுவிடுவார். மகள் செல்வி நர்ஸ். குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. சென்னையில் இருந்த ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்திருந்தாள். இன்டர்வியூ கடிதம் மெயிலில்தான் வரும். அந்த முறை விட்டால் மறுபடி எப்போது எடுப்பார்களோ தெரியாது. விண்ணப்பத்தில் இருந்தது என் சென்டர் முகவரி. தினமும் இலை விற்று முடித்ததும் அக்கா வந்து, “கடுதாசி வந்துச்சா சார்?” என்பார்.

ஒரு மதியம் வந்தது. மஸ்கட் ஆஸ்பத்திரி பெயரில் வேலை உத்தரவே வந்திருந்தது. இன்டர்வியூகூட வேண்டாமாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டுமாம். நான் உற்சாகமாகிவிட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரில் கடிதம், ஆனால் அனுப்பியதோ இலவச மெயிலிலிருந்து. பணம் கட்டச் சொன்னது ஒரு தனி ஆளின் பெயருக்கு. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

“அப்ப இதான் நீ சொல்ற ஃபிஷிங்கா?”

“இல்லக்கா. அது வேற. இது வேலை மோசடி. ரொம்பப் பேர் ரெண்டையும் குழப்பிக்கறாங்க.”

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “எதுவோ ஒண்ணு. என் பொண்ணுக்கு இன்னும் வேல வரல, அவ்ளோதானே. அதப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ சந்தோஷமா சொல்ற?”

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

அடுத்த திங்கட்கிழமை காலை, மெயில் கம்பெனியிடமிருந்து எனக்கே ஒரு மெயில். பெட்டி நிறைந்துவிட்டது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும். அந்த வாரம்தான் செல்வியின் கடிதம் வர வேண்டும். பெட்டியை நிறைத்தது கோதண்டம் அண்ணாவின் பெருமாள் படங்கள்தான் என்று மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டே, சொன்ன இடத்தில் அழுத்தினேன். வழக்கமான பக்கம், வழக்கமான நிறம். பாஸ்வேர்டை அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் நம்பரில் இருந்த காலேஜ் பையனிடம், “தம்பி, மேலே இருக்கற முகவரியைப் படிச்சுட்டு அடி” என்று குரல் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

மதியம் என் பாஸ்வேர்டை என் பெட்டியே ஏற்கவில்லை. நாலு முறை அடித்துப் பார்த்துவிட்டு, காலையில் திறந்த பக்கத்தை மறுபடி எடுத்து, முதல் முறையாக மேலே இருந்த முகவரியைப் படித்தேன். மெயில் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. போர்டு எனக்கு நேர் எதிரே இருந்தது. காசு கொடுக்க வந்த மூன்றாம் நம்பர் பையன் சிரித்த முகமாகச் சொன்னான்: “காலைல எனக்கும் பெட்டி நிறைஞ்சுபோச்சுன்னு ஒரு மெயில் வந்துது சார். உங்க போர்டப் படிச்சிருந்ததால டெலீட் பண்ணிட்டேன். தேங்க்ஸ் சார்.”

மண்டிக்காரர் கேட்காத கேள்வி

வசந்தா அக்காவிடம் சொல்லாமல் தீராது. செல்வியின் கடிதம் வந்தால் அது இனி யாரோ ஒரு திருடனின் கையில் என்பதை, எனக்குத் தெரிந்த மிக எளிய தமிழில் சொன்னேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வேலைவாய்ப்பு ஆபீசுக்கு போன் செய்திருக்கிறேன், இணைப்பு கிடைக்கவில்லை, நாளை நேரிலேயே போகிறேன் என்றேன்.

“இது எந்த வக சார்?”

“ஃபிஷிங்.”

“அப்பாடா, ஒருவழியா வந்துச்சு.” பிறகு போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “எனக்குப் படிக்க வராது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மண்டில என்னைப் பார்த்ததும் எங்காளு அவனே நோட்டுல என் பேர எழுதிப்பான். ‘உன் பேரு இன்னாம்மா’ன்னு ஒருத்தன் கேட்டா, அவன் நம்ம மண்டிக்காரனே இல்லன்னு அர்த்தம். உனக்குப் பொட்டியக் குடுத்தவனே வந்து, சாவி எது காட்டுன்னு ஏன் சார் கேக்கப் போறான்?”

லண்டன்

மறுநாள் காலை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோதண்டம் அண்ணா ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

“எப்ப சார் வந்தீங்க?”

“எங்கேர்ந்து?”

“லண்டன்லேர்ந்து.”

விஷயம் இதுதான். பெட்டியைப் பிடித்தவன், என் பட்டியலில் இருந்த முன்னூறு பேருக்கும் என் பெயரில் எழுதியிருக்கிறான்: கருத்தரங்குக்காக லண்டன் வந்தேன், பையும் பாஸ்போர்ட்டும் திருடு போய்விட்டன, ஓட்டலில் வெளியே விடமாட்டேன் என்கிறார்கள், உடனே பணம் அனுப்புங்கள். கேளம்பாக்கம் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அண்ணாவின் மகன் படித்துவிட்டு, அப்பாவுக்கு போன் செய்திருக்கிறான். திருடியது வரைக்கும்தான் ஃபிஷிங், இந்தக் கடிதம் அவசரப் பணம் கேட்கும் தனி வகை, போர்டில் இதற்கு இடமே விடவில்லையே என்று எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. அண்ணாவின் சட்டைப் பையில் ரூபாய் நோட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. “அப்ப எதுக்குண்ணா இங்க வந்தீங்க?” என்று கேட்டேன். “உங்களுக்குப் பணம் அனுப்பணும். வெளிநாட்டுக்கு எப்டி அனுப்பறதுன்னு எனக்கு இன்னா தெரியும்? உங்களையே கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

கூரியர்

அந்தப் பணத்தை அவர் பையிலேயே திணித்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சாரியிலிருந்து வசந்தா அக்கா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். இடுப்பில் இலைக்கட்டு, கையில் செல்வியின் செல்போன். பின்னாலேயே ஆஸ்பத்திரிச் சீருடையில் செல்வி. திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

வேலைவாய்ப்பு அலுவலகமும் அந்த முன்னூறில் ஒன்று. அங்கிருந்த அம்மாள் காலையில் லண்டன் மெயிலைப் படித்திருக்கிறார். அனுப்பிய முகவரி செல்வியின் விண்ணப்பத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறார். இன்டர்வியூ கடிதம் அன்று அந்த முகவரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. உடனே செல்விக்கு போன் போட்டுத் தேதியைச் சொல்லி, கடிதத்தைக் கூரியரில் வீட்டுக்கே அனுப்பிவிட்டாராம். அவர் பேசியதை செல்வி அதே குரலில் சொல்லிக் காட்டினாள்: “ஏம்மா, உங்க வீட்டு சார் லண்டன்ல பாஸ்போர்ட் இல்லாம நிக்கறாராமே. அவருக்கு மெயில் அனுப்பி என்ன பிரயோஜனம்?”

கோதண்டம் அண்ணா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “பெருமாள் மெயில நான்தான் அல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன், ஞாபகம் வெச்சுக்கங்க” என்றார்.

ஆறு ஆண்டுகளாக மோசடிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவனால் பிழைத்தவர்கள், போர்டைப் படித்த ஒரு காலேஜ் பையனும் அதைப் படிக்கவே தெரியாத ஓர் இலைக்காரியின் மகளும் மட்டுமே. செல்வி இன்டர்வியூவில் தேறினாள். மறுவாரம் சென்டருக்கு வந்து, தன் பெயரிலேயே ஒரு மெயில் கணக்குத் தொடங்கினாள். அவள் பாஸ்வேர்டை அடித்து முடிக்கும்வரை, வசந்தா அக்கா இலைக்கட்டிலிருந்து ஒரு தலைவாழை இலையை உருவி, என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.