நானும் வாங்கிட்டேன் என்ற வரி

கிட்டாரை வைத்துக்கொண்டு ராப் பாடாதே என்று என்னிடம் சொல்லாதவர்கள் தாம்பரத்தில் குறைவு. சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற அக்கா, "துதிப் பாட்டு வாசிக்கிற கையால இது வேணாமே" என்றார். ரயில்வே மைதானத்துப் பக்கம் கூடுகிற ராப் பையன்களிடம் போனேன். "பீட் இல்லாம ராப்பா? பஜனைக்கு வந்தா மாதிரி கீதுக்கா" என்று சிரித்தார்கள். சேலையூரில் ஒரு காபிக் கடையில் வெள்ளிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் பாடலாம். நான் பாடி முடித்ததும், கடையை நடத்தும் தம்பி மெதுவாக வந்து, "நெக்ஸ்ட் டைம் ஏதாவது மெலடி ட்ரை பண்ணுங்களேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் அதே பாட்டை இன்னும் சத்தமாகப் பாடிவிட்டு, காபிகூட குடிக்காமல் திரும்பினேன்.

ஏன் கிட்டார் என்று கேட்டால், என்னிடம் இருந்தது அதுதான். பீட் போட்டுத் தர ஆள் இல்லை, லேப்டாப் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. சர்ச்சில் வேண்டாமென்று ஒதுக்கிய, ஒயர் மாட்ட வழியில்லாத வெறும் கட்டை கிட்டார். வலது உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு அடித்தால் ஜக் ஜக் என்று வரும். நடுவில் கட்டைவிரலால் பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் டொக். ஜக் ஜக் டொக், ஜக் ஜக் டொக். இதற்கு மேல் ஒருத்தி வாய்விட்டுப் பேச என்ன வேண்டும்?

ராப் எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம்தான். சினிமாப் பாட்டில் 'நான்' என்று பாடினால் அது கதாநாயகி. சர்ச் பாட்டில் 'நான்' என்றால் சபை முழுக்க அந்த நான்தான். ராப்பில் நான் என்றால் நான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறவள், கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்தவள், மழைக்காலத்தில் கட்டில் மேல் அடுப்பை ஏற்றிச் சமைக்கிற வீட்டில் வளர்ந்தவள். நான் பட்டதைத்தான் பாடுவேன். படாததைப் பாடினால் அந்த டொக் பொய்யாகக் கேட்கும்.

இப்படி எல்லோரும் விரட்டிய பாட்டைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். மனை விற்கிற கம்பெனி ஒன்றின் மேனேஜர். காபிக் கடையில் யாரோ எடுத்துப் போட்ட என் வீடியோவைப் போனில் பார்த்தாராம். "சிஸ்டர், செம டிஃபரண்டா இருக்கு. எல்லாரும் டிஜே போடறான். நாம கிட்டார் ராப் போடறோம். கிளிக் ஆச்சுன்னா ஒவ்வொரு சண்டேவும் நம்ம சைட்ல நீங்கதான்" என்றார். ஞாயிறுதோறும் மேடை! பில் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு அன்று முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். கூடுவாஞ்சேரியைத் தாண்டி உள்ளே ஒரு புது லேஅவுட். அதற்கு ஒரு பாட்டு கேட்டார். பொய் இல்லாமல் எழுத முடியுமா என்று யோசித்து யோசித்து நாலு வரி எழுதினேன். அதில் இரண்டு:

ரோடு கீது, ரயிலு கீது, ஸ்கூலு கீது பக்கத்துல,
வாடக வூட்டு ஓனரு சத்தம் இனிமே இல்ல காதுல.

இதில் என்ன பொய்? ரோடு இருந்தது, ரயில் இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை தாம்பரத்திலிருந்து வேன் கிளம்பியது. மனை பார்க்க வருகிறவர்களை இலவசமாக ஏற்றிப்போய், பந்தலில் உட்கார வைத்து, பிரியாணி போட்டு அனுப்புவது வழக்கம். அன்றைக்கே பிடித்துப்போனவர்கள் டோக்கன் மேஜையில் அட்வான்ஸ் கட்டிவிட வேண்டும். நானும் அதே வேனில்தான் போனேன். பக்கத்தில் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். மடியில் ஒரு கைப்பை, அதன் வாரை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். முன் சீட்டில் அவள் கணவன், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை.

"நீங்களும் எடம் பாக்கவாக்கா வர்றீங்க?"

"இல்லமா. பாட வர்றேன்."

"சாமி பாட்டா?"

"ராப்பு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு.

பல்லாவரத்தில் வாடகைக்கு இருக்கிறார்களாம். "செவுத்துல ஒரு ஆணி அடிக்க முடியாதுக்கா. ஓனரம்மா கத்தும். பாப்பா போட்டோவ அரிசி டின் மேல சாச்சி வெச்சிகீறேன். செயின வித்துட்டு வந்துட்டோம். வூடு கட்டினா மொத வேல, ஒரு ஆணி அடிச்சி போட்டோ மாட்டறதுதான்." கைப்பையைத் தட்டிக் காட்டினாள். செயின் அதற்குள் பணமாக இருந்தது.

சைட்டில் இறங்கினோம். செம்மண் பரப்பி, வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, கண்ணைப் பறித்தது. தூரத்தில் நீளமாக ஒரு பெரிய பேனர். எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கிட்டாரைச் சுருதி சேர்க்க நிழல் தேடிப் பந்தல் ஓரத்துக்குப் போனேன். அங்கே பந்தல்கால் நட்ட குழி. தோண்டிய மண் பக்கத்தில் குவிந்து கிடந்தது. மேலே செம்மண், அடியில் எடுத்தது கன்னங்கரேலென்று களி. களிக்குள் வெள்ளை வெள்ளையாக நத்தைக் கூடுகள்.

குனிந்து ஒரு கூட்டை எடுத்தேன். இந்தக் களியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு செப்டிக் டேங்க் தோண்டியபோது இதே கறுப்பு, இதே நத்தைக் கூடு. நானும் தம்பியும் அதைச் சோழி என்று நினைத்து விளையாடினோம். அப்பா மனை வாங்கியது ஒரு சித்திரை மாதத்தில், இதே மாதிரி பந்தலில். அந்த வருஷ மழையிலேயே ஏரி எங்கள் வீட்டுக்குத் தன் வீடு மாதிரி வந்துபோனது. இன்றைக்கு வரைக்கும் வந்துபோகிறது.

அந்தப் பெரிய பேனருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நீளமான கல்சுவர். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகக் கட்டுகிற கலங்கல். அதை மறைத்துத்தான் சிரிக்கிற குடும்பத்தின் படத்தை மாட்டியிருந்தார்கள்.

நேராக மேனேஜரிடம் போனேன். "சார், இது ஏரி சார்."

"அதெல்லாம் அந்தக் காலம் சிஸ்டர். இப்ப டாக்குமெண்ட் எல்லாம் க்ளியர். நீங்க பாட்டைப் பாருங்க. ஆ, கடைசில ஒரு லைன் சேத்துக்குங்க. 'நானும் வாங்கிட்டேன், நீ எப்ப வாங்கப் போற'. ரெண்டு தடவை சொல்லிட்டு அப்படியே டோக்கன் டேபிள் பக்கம் கையைக் காட்டுங்க."

"நான் வாங்கலியே சார்."

"பாட்டுதானேம்மா! வார்த்தைய யாரு கேக்கறா? பீட்டுதான் கேப்பாங்க."

இவ்வளவு நாளாக எனக்கு பீட் இல்லை என்றார்கள். இப்போது பீட் மட்டும்தான் இருக்கிறதாம், வார்த்தை இல்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்! ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிறுதோறும் மேடை தருகிறேன் என்று சொன்ன ஒரே மனுஷர் அவர்தான். அவரை விட்டால் மறுபடியும் காபிக் கடைத் தம்பிதான். அந்த நாலு வரியோடு நிறுத்திக்கொண்டு, புது வரியை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடலாமா என்றும் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருந்தால் நான் எதற்கு ராப் பாடப் போகிறேன்?

மேடை ஏறினேன். ஒரு மைக் வாய்க்கு, ஒரு மைக் கிட்டாருக்கு. ஜக் ஜக் டொக். முதல் நாலு வரிக்குக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் வேனில் வந்தவள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு. ஓனர் சத்தம் என்ற இடத்தில் கணவனை இடித்துச் சிரித்தாள். மேனேஜர் ஓரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தி, அந்த வரி, அந்த வரி என்று ஜாடை காட்டினார்.

பாடினேன்.

நான் வாங்கல, நான் வாங்கல, எங்கப்பா வாங்கினாரு,
இதே மாதிரி பந்தலு, இதே மாதிரி சோறு.
சித்திரையில பாத்தப்போ செம்மண்ணு காஞ்சிருந்துச்சு,
ஐப்பசியில கட்டிலு மேல அடுப்பு ஏறி இருந்துச்சு.

மேனேஜரின் கட்டைவிரல் இறங்கியது. சட்டென்று மைக் செத்தது. என் வாய் மைக், கிட்டார் மைக், இரண்டும். "டெக்னிக்கல் ப்ராப்ளம், எல்லாரும் சாப்பிட வாங்க" என்று யாரோ கத்தினார்கள். அடப் பாவிகளா, ஒயரே இல்லாத கிட்டாருக்கு எந்த ஒயரைப் பிடுங்குவீர்கள்? அதைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றேன். மைக் இல்லாத குரலில், பெட்டி உடைகிற மாதிரி தட்டிக்கொண்டு.

செப்டிக் டேங்கு தோண்டும்போது நத்தக் கூடு வந்துச்சு,
ஏரி சொன்ன சேதி அது, எங்களுக்கெங்க புரிஞ்சுச்சு!
காலு கீழ பாரு தாயி, கையால மண்ண கெளறு,
நத்த வந்தா வூடு இல்ல, அது தண்ணியோட ஊரு.

"சிஸ்டர், வாங்க பேசிக்கலாம்" என்று வந்த மேனேஜர், பக்கத்தில் வருவதற்குள் "ஏம்மா" ஆகி, தோளைத் தொடுகிற தூரத்தில் "ஏய், நிறுத்து" ஆகிவிட்டார். நான் நிறுத்தவில்லை. அதே நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடினேன். சிலர் சிரித்தார்கள். பாதிப் பேர் பிரியாணி வரிசைக்குப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் "அந்தப் பொண்ண வுடுய்யா, பாடட்டும்" என்று சத்தம் போட்டார். டோக்கன் மேஜையில் ஒரு குடும்பம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. தட்டுவதை மட்டும் விடவில்லை.

அப்போது அவள் எழுந்தாள். பந்தல்கால் குழிக்குப் போய்க் குனிந்து, குவிந்த மண்ணில் விரலை விட்டுக் கிளறினாள். ஒரு கைப்பிடி களியை அள்ளிக்கொண்டு நேராக மேஜைக்குப் போய், ரசீதுப் புத்தகத்தின் மேலேயே வைத்தாள். களிக்குள் நத்தைக் கூடு.

"இது இன்னா சார்?"

மேஜையில் இருந்தவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "அது கிராவல் லோடோட வந்திருக்கும்மா."

"கிராவலு செவப்பா கீது சார். இது கருப்புக்குள்ள கீது."

மேனேஜர் களியை மேஜையிலிருந்து வழித்துத் தள்ளினார். அவள் கணவன் ஓடி வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே நடந்தாள். பின்னால் இன்னும் சிலர் அந்தக் குழியைச் சுற்றிக் கூடினார்கள். என்னை வேனில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏறச் சொன்னால் மட்டும் ஏறியிருப்பேனா!

ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் மூன்று பேரும் வெயிலில் நடந்தோம். பாதி வழியில் அவள் கணவன், என் முகத்தைப் பார்க்காமலே, "ஏரின்னு பாடிட்டீங்க. எங்க கையில கீற துட்டுக்கு மேட்டுல எவன் எடம் குடுக்கறான்? அத ஏன் பாட்டுல சொல்லல?" என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "தெரியலப்பா" என்றேன். தெரிந்தால் பாடியிருப்பேன். தெரிகிற அன்றைக்குப் பாடுவேன். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அதற்காக நான் பாடியதும் தப்பில்லை.

ரோட்டுக்கு வந்தபோது அவள் போன் அடித்தது. மறுமுனையில் அவள் அம்மா போலிருக்கிறது. முடிந்ததா, பூஜை எப்போது என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லாரிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினாள்.

"வாங்கலம்மா. ஆமா, ஏரிம்மா அது. யாரும் சொல்லலம்மா, நானே மண்ண கெளறி பாத்தேன். நான் வாங்கல."

நகத்துக்குள் இன்னும் கறுப்புக் களி இருந்தது.