மோகன் சுமக்காத குடம்

சரோஜா அம்மாளுக்குக் கொள்ளி வைக்கும் உரிமையை அவருடைய ஒரே மகனிடமிருந்து சொந்தக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். அஞ்சலியை இப்படித் தொடங்கக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு தொடக்கம் இல்லை.

செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் இருக்கும் மேரி ஆன்டி, நான் வேலை செய்யும் சரக்கு லோரிக் கம்பெனிக்குப் போன் செய்தார். "அம்மா போயிட்டாங்க தம்பி. மாரடைப்பு." உடனே கேட்டார்: "மோகன் எங்க?"

மோகன்தான் அந்த மகன். படிக்கிற வயதிலேயே அவன் காதில் இல்லாத குரல்கள் கேட்கத் தொடங்கின. என் அக்காவுக்கும் அதே நோய். இப்படிப்பட்டவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தேடிப் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் உட்கார வைத்துப் பேச வைத்தவர் சரோஜா அம்மாள். என் தாயார் அக்கம்பக்கத்தில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு அங்கே வருவார். "இவ்வளவு நாளா தைக்கிறீங்க, ஒரு ஜாக்கெட்டக்கூட காணோமே?" என்பார் அம்மாள். என் தாயார் சிரித்ததை அந்த அறையில்தான் பார்த்தேன்.

பிறகு மண்டபக் காரியதரிசி வந்தார். "கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க வர்றவங்க இவங்களப் பாத்துப் பயப்படுறாங்க லா."

"இங்க தாலி கட்டினவன் எல்லாம் தெளிவாவா இருந்தான்?" என்றார் அம்மாள்.

அடுத்த வாரம் கதவில் பூட்டு. சாமி பெயரில் நன்கொடை வாங்குகிறவர்கள் போட்ட பூட்டு. கூட்டம் பண்டமாரானில் அவர் வீட்டுக்கு மாறியது.

உறவினர் சாவு ஒன்றில் மோகனை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் ஒத்திகை தொடங்கியது. அம்மாள் எங்கள் முன்னால் பாயில் படுத்துக்கொண்டு, மகன் தோளில் நீர்க்குடத்தை ஏற்றினார். குடம் ஆடி, தண்ணீர் அவர் முகத்தில் கொட்டியது. "மெதுவாடா. இப்ப நனஞ்சா சளி பிடிக்கும். அப்ப நனஞ்சா பரவால்ல."

ஒரு ஞாயிறு, குடம் அசையாமல் சுற்றி முடித்தான். அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். "எல்லாரும் பாத்தீங்கல்ல? எவனாவது இவனால முடியாதுன்னா நீங்கதான் சாட்சி."

சாட்சிகள் போனோம். சுடுகாட்டில் குடம் அம்மாளுடைய தம்பி மகன் தோளில் இருந்தது. எந்தப் பக்கம் சுற்றுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. சடங்கு செய்த பண்டாரம் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

அம்மாளின் தம்பி ராஜரத்தினத்திடம் கேட்டேன். "மோகன் எங்க, அங்கிள்?"

"அம்பாங்குல, தெரிஞ்சவங்க வீட்டுல. மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கோம். சபையில ஏதாவது பண்ணிட்டா? எனக்கும் கட்டிக் குடுக்கப் பொண்ணு இருக்கு லா."

"அம்மா செத்தது அவனுக்குத் தெரியுமா?"

அவர் கார்ச் சாவியைத் தேடினார்.

போய் வாருங்கள், அம்மா. நீங்கள் பழக்கிய தோள் சும்மா கிடக்க, பழகாத தோளிலிருந்து உங்களுக்குத் தண்ணீர் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார் கிளம்பும்போது கண்ணாடியைத் தட்டினேன். "பதினாறாம் நாள் காரியத்துக்காவது மோகனக் கூட்டிட்டு வாங்க, அங்கிள்."

கண்ணாடி இறங்கவில்லை.