சாமி கேட்ட உப்பு

1. எல்லாம் ஒட்டுப்பால்

கோவிட் வந்து படுத்து எழுந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள். பாரைத் திறந்ததும் லைம் ஜூஸ் போத்தலை மூக்கருகே கொண்டுபோனேன். ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. ரப்பர் மரத்துக் கோப்பையில் உறைந்து, சாக்கில் கிடந்து நாறுமே, அந்தப் பால். தோட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரியாமல் இருக்குமா? ஜூஸைக் கொட்டிவிட்டு வேறு போத்தல் திறந்தேன். அதிலும் அதே நாற்றம். சப்ளையருக்கு போன் போட்டு, என்னத்தை அனுப்பித் தொலைத்தாய் என்று சத்தம் போட்டேன். அந்த ஆள் பாவம், சாரி சாரி என்றான். காப்பி போட்டேன், ஒட்டுப்பால். ஜின்னை முகர்ந்தேன், ஒட்டுப்பால். கை கழுவும் சோப்பிலும் அதுவே வந்தபோதுதான் கோளாறு போத்தலில் இல்லை, என் மூக்கில் என்று விளங்கியது.

ஈப்போ பழைய டவுனில் ஒரு ஹோட்டலில் நான் பார்டெண்டர். வெயிட்ரஸாகச் சேர்ந்து, பிறகு பாருக்குள் போய், இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொந்தக்காரர்களிடம் "தேவி ஹோட்டல்ல வேல செய்யுது" என்பதோடு எங்கள் வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். இத்தனைக்கும் நான் குடிப்பதில்லை. ருசி பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஸ்ட்ராவைக் கிளாஸில் விட்டு, மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் ஒரு சொட்டு தங்கும். அதை நாக்கில் விட்டு இனிப்பா, புளிப்பா, எது தூக்கல் என்று பார்ப்போம். அந்த ஒரு சொட்டில்தான் என் பிழைப்பே ஓடியது. இப்போது மூக்கு கெட்டதோடு நாக்கும் மரத்துப்போயிருந்தது. சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டரிடம் போனேன். கட்டாயம் திரும்பி வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. நேராக, சாப்பாடு, பார் இரண்டையும் பார்க்கும் எங்கள் எஃப் அண்ட் பி மேனேஜர் லியோங்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நேரம் கெட்ட நேரம். கோலாலம்பூரிலிருந்து வரும் டூரிஸ்ட்டுகளுக்காக, பழைய கிளாசிக் காக்டெய்ல்களை ஈப்போ பாணியில் மாற்றி ஒரு புது மெனு போட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஐந்து டிரிங்க், பள்ளி விடுமுறைக்கு முன்னால். முடிந்தால் செய், முடியாவிட்டால் உன்னை பேங்குவெட்டுக்கு மாற்றிவிட்டு கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவருவேன் என்று லியோங் சொன்னார். பேங்குவெட் என்றால் செமினார்காரர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதும் நாப்கின் மடிப்பதும். கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் பார் என்னுடைய இடம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

2. இரண்டு நாக்கு, நாலு தீர்ப்பு

வீட்டுக் குசினியில் ஆரம்பித்தேன். பிளடி மேரி என்பது தக்காளி ஜூஸும் வோட்காவும். அதில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசமாக்கினேன். எஸ்பிரெஸோ மார்ட்டினிக்கு ஈப்போ வெள்ளைக் காப்பி. ஜின்னுக்கு ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங். விஸ்கி சவருக்கு ஆசாம் போய் என்கிற புளிப்பு பிளம்ஸ். எல்லாவற்றையும்விட நான் நம்பியிருந்தது ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெய்லை. சர்க்கரைக் கட்டிக்குப் பதில் குலா மெலாக்கா வெல்லப் பாகு, விஸ்கிக்குப் பதில் கறுப்பு ரம், அதோடு சுக்கும் எலுமிச்சைத் தோலும். காகிதத்தில் எழுதினால் வாயில் எச்சில் ஊறும். வாயில் விட்டால் எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ருசி பார்க்க இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர் சேகர், கமுந்திங் பக்கம் லோரி ஓட்டுகிறவர். மற்றவர் பக்கத்து வீட்டு மேரி அக்கா. சேகருக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கும். வற்புறுத்திக் கேட்டால், தான் குடிக்கும் கறுப்பு பீரை இழுத்து, "ஸ்டௌட் மாதிரி இல்ல லா" என்பார். ஏனய்யா, ஸ்டௌட் இல்லாதது எப்படி ஸ்டௌட் மாதிரி இருக்கும்? மேரி அக்கா ரசத்தைக் குடித்துவிட்டு, சோறு இல்லையா என்று கேட்டார். ஓல்ட் ஃபேஷன்ட் இனிப்பு அதிகம் என்றார் ஒருவர், இனிப்பே இல்லை என்றார் மற்றவர். மறுநாள் அதே போத்தலிலிருந்து கொடுத்தேன். இருவரும் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள். பாகைக் கூட்டினேன், குறைத்தேன், சுக்கை எடுத்தேன், மறுபடி போட்டேன். நேற்று எது சரியாக இருந்தது, இன்று எதை மாற்றினேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. சமைக்கிறவளுக்கு ருசி தெரியாமல் போனால் வீட்டில் எல்லோரும் சமையல்காரர் ஆகிவிடுகிறார்கள்.

3. முனியாண்டி பூசை

எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயில் தாப்பா பக்கம் இருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் அதே மரத்தடியில். வருடத்துக்கு ஒரு முறை பூசை. சாமிக்குச் சுருட்டு, விஸ்கி, ஸ்டௌட் எல்லாம் படைப்பார்கள். சாமி இறங்குவது என் அக்கா புருஷன் கோபால் அத்தான்மேல்.

அத்தானைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு பஸ் ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தே அழியப் பார்த்தார். வேலை போனது, அக்கா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு இதே முனியாண்டி முன்னால் சத்தியம் செய்து குடியை விட்டார். அதன்பின் ஒரு சொட்டு தொட்டதில்லை. பூசையன்று மட்டும் சாமி கேட்கும், சாமி குடிக்கும். சாமி மலையேறியதும் அத்தான் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு பஸ் டிப்போ கதை பேச ஆரம்பிப்பார். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அந்த வருடம் பூசை ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் நடந்தது. படையலுக்கு ஸ்டௌட் எடுத்துவரும் பொறுப்பு சேகருடையது. வெளிச்சம் படாமல் இருக்கட்டும் என்று நான் என் ஓல்ட் ஃபேஷன்டை லேபிள் உரித்த பழைய ஸ்டௌட் போத்தலில் ஊற்றி, மூடி போட்டு, ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மனிதர் அதைத்தான் எடுத்து வந்திருக்கிறார். அத்தான்மேல் சாமி வந்து, போத்தலைக் கையில் எடுத்தபோதுதான் அதில் லேபிள் இல்லாததைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பிடுங்கவா முடியும்?

சாமி ஒரு மடக்கு குடித்தது. உடுக்கைச் சத்தம் நின்றது. போத்தலைத் தூக்கிப் பார்த்தது, இன்னொரு மடக்கு குடித்தது. பிறகு அத்தனை கூட்டத்தில் நேராக என்னைப் பார்த்தது.

"மகளே, இதுல உப்பு எங்க?"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி உப்புக் கேட்கிறது என்று பூசாரி அறிவித்தார். யாரோ ஓடிப்போய்ச் சமையல் கொட்டகையிலிருந்து வாழையிலையில் உப்பை அள்ளி வந்து காலடியில் கொட்டினார்கள். தோட்டத்தில் ஏதோ குறை நடந்திருக்கிறது, அதனால்தான் உப்புக் கேட்கிறது என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். அந்தக் கோயிலில் இப்போது உப்பு பாக்கெட்டும் படைக்கிறார்கள். ஏன் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அதே கலவையில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். வெல்லம் சேரும் எதற்கும் உப்பு வேண்டும், பாயசத்துக்கே போடுகிறோம். என் நாக்கு சரியாக இருந்திருந்தால் முதல் சொட்டிலேயே பிடித்திருப்பேன். சேகர் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். மேரி அக்காவும் கேட்டார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். உப்புக் குறைகிறது என்று சொன்னது யார்? ஸ்டௌட்டும் சுருட்டுமாக இருக்கிற சாமிக்கு ஓல்ட் ஃபேஷன்ட் எப்படித் தெரியும்? அத்தான்தான் என்றால், குடிக்காத அத்தான் குடித்தாரா?

4. திறக்காத பை

ஒன்று சரியாகிவிட்டது, இன்னும் நான்கு பாக்கி. லியோங் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் புத்தி போன போக்கைச் சொல்கிறேன். நான்கு டிரிங்கையும் நான்கு போத்தலில் ஊற்றி, பையில் போட்டுக்கொண்டு, தாப்பாவுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு சொட்டுதானே, அத்தானுக்கு ஸ்ட்ராவில் வைத்துக் கொடுத்தால் என்ன என்று வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அத்தான் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்தபோது போத்தல்கள் இடித்துக்கொண்டன. அக்கா ராணி சத்தத்தைக் கேட்டாள், பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மூக்கு கெட்டது, புது மெனு, லியோங் சொன்னது எல்லாம் போனில் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"தேவி, பையத் தொறக்காத," என்றாள். "வேல போனா நீ பேங்குவெட்ல நிப்ப. இவரு மறுபடி தொட்டாருன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதில் நான் குறைந்தவள் இல்லை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பையைக் கொண்டுபோய்க் காரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன். அக்கா ஒன்றும் நடக்காததுபோல எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மூளை வேலை செய்தது. பாரில் சேர்ந்ததும் முதலில் சொல்லித்தருவது, மலிவான சாமானை முதலில் ஊற்று, சாராயத்தைக் கடைசியில் ஊற்று என்பது. இடையில் தவறு நடந்தால் விலையுயர்ந்தது வீணாகாது. அப்படியானால் சாராயம் ஊற்றுவதற்கு முந்தைய நிமிடம் வரைக்கும் கிளாஸில் இருப்பது என்ன? புளி, வெல்லம், காப்பி, ரசம், பண்டோங். எந்த வீட்டிலும் எவரும் குடிக்கலாம். சாராயம் எத்தனை அளவு போனால் எந்த அளவுக்குப் புளிப்பையும் இனிப்பையும் அடக்கும் என்பது என் கைக்குத் தெரியும். அதற்கு நாக்கு வேண்டாம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு ஒரு கண்டிஷன் போட்டாள். முதலில் அவள் குடித்துப் பார்ப்பாள், அப்புறம்தான் அத்தானுக்கு. அதன்பின் லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஃபிளாஸ்க்குகளோடு தாப்பாவுக்குப் போனேன். அக்கா சுங்கத்துறை அதிகாரி மாதிரி ஒவ்வொன்றையும் முகர்ந்து, குடித்து, பாஸ் செய்வாள். அத்தான் பஸ் யூனிஃபார்மோடு உட்கார்ந்து சொல்வார். ரசத்தில் மிளகு முந்துகிறது, மிளகைத் தட்டாமல் போடு. காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம், கண்டன்ஸ்ட் மில்க் போதும். பண்டோங் குழந்தை மருந்து மாதிரி இருக்கிறது, எலுமிச்சை பிழி. ஆசாம் போயில் மட்டும் அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார். ஒரு முறைகூட அவர் தயங்கவில்லை.

5. லியோங்கின் கேள்வி

மெனுவை ருசி பார்க்கும் நாளில் லியோங்கும் முதலாளியும் பாரின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து கிளாஸ் வைத்தேன். லியோங் குடிக்கும் முன்னால், உன் நாக்கு திரும்பிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு யார் ருசி பார்த்தது என்றார். அக்கா புருஷன் என்றேன். பார்டெண்டரா? இல்லை, பஸ் டிரைவர். நன்றாகக் குடிப்பாரா? ஒரு சொட்டும் தொடமாட்டார், சாராயம் ஊற்றாமல் கொடுத்ததைத்தான் ருசி பார்த்தார்.

லியோங் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உனக்கு ருசி தெரியாது, அவர் குடிக்க மாட்டார், இதை நான் காசுக்கு விற்க வேண்டுமா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். குடித்துப் பாருங்கள் சார் என்றேன்.

குடித்தார்கள். முதலாளி ரசத்தைப் பாதி குடித்துவிட்டு, இதையும் பார் என்று லியோங்கின் பக்கம் நகர்த்தினார். லியோங் ஓல்ட் ஃபேஷன்டைக் குடித்தார், வைத்தார், மறுபடி எடுத்துக் காலி செய்தார். "போலே," என்றார். மலாயில் சரி, ஆகட்டும் என்பதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். கிளம்பும்போது, சாராயம் ஊற்றாத கிளாஸையும் தனியாக மெனுவில் போடு என்றார். என் பார் வேலை நிலைத்தது.

அந்த வாரமே தாப்பாவுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கோழி ஆக்கினாள். அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கு உப்புக் கேட்டது நீங்களா, முனியாண்டியா என்று. அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாந்தான்னு சொன்னா ஒங்கக்கா அழுவா. சாமின்னு சொன்னா நீ நம்ப மாட்ட. வேல நெலச்சிருச்சுல்ல? சாப்புடு லா."

சாப்பிட்டேன். பூசையன்று ருசி பார்த்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த வீட்டுக்குப் போத்தலைக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் தெரியும். பாருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.